சுவரைத் தட்டிப் பார்த்தேன்

அன்புள்ள அக்கா,

சமையலறையில் அலமாரி மாட்டியாயிற்று. நீ நம்ப மாட்டாய் என்று தெரியும். டிரில்லை நீ பிடிப்பாய், கொட்டும் தூளை நான் குப்பை முறத்தில் ஏந்துவேன். இத்தனை வருடமும் இந்த வீட்டில் என் வேலை அதுதானே?

நீ கண்மூடிய பிறகு தம்பி வாராவாரம் சிங்கப்பூரின் மறுகோடியில் இருக்கும் பூன் லேயிலிருந்து வருகிறான். "ஒத்தையில எப்படிக்கா இருப்பீங்க? வீட்ட வித்துட்டு எங்ககூட வந்துடுங்க லா" என்று ஒரே பாட்டு. நல்லவன்தான். ஆனால் நம் வீட்டை விட்டு நான் எங்கே போவேன்? கீழே குனிந்து பாத்திரம் எடுக்க முழங்கால் விடவில்லை என்று வாங்கிய சுவர் அலமாரி, பெட்டியைப் பிரிக்காமலே கிடந்தது. அதைத் தனியாக மாட்டிவிட்டால் இங்கேயே இருப்பது, முடியாவிட்டால் அவனோடு கிளம்புவது என்று எனக்கு நானே பந்தயம் கட்டிக்கொண்டேன்.

ஃபேரர் பார்க்கில் ஹார்ட்வேர் கடைக்குப் போய் ஸ்க்ரூவும், அது இறுகப் பிடிக்கத் துளைக்குள் செருகும் பிளாஸ்டிக் பிளக்கும் கேட்டேன். கடைக்காரர், "என்ன சுவரு ஆன்ட்டி?" என்றார். "வீட்டுச் சுவருதான்" என்றேன். மனிதர் சிரிக்கவே இல்லை. "தட்டிப் பாருங்க. கெட்டியா சத்தம் வந்தா இந்த பிளக் போதும். டொம்முன்னு வந்தா உள்ள ஹாலோ, வெறும் கூடு, இது நிக்காது. பின்னால விரிஞ்சு பிடிக்கிற மாதிரி வேற இருக்கு" என்றார். நீ இருந்தால் ஒரு நொடியில் சொல்லியிருப்பாய். நான் இரண்டையும் வாங்கி வந்தேன்.

விரலால் தட்டினேன், ஒன்றும் புரியவில்லை. சப்பாத்திக் கட்டையை எடுத்து நாலைந்து தடவை ஓங்கித் தட்டினேன். உடனே வாசல் கேட் அதிர்ந்தது. பக்கத்து வீட்டு சல்மா ஈரக் கையோடு, செருப்புக்கூட இல்லாமல் நின்றார். "ஸ்டெல்லா, விழுந்துட்டீங்களா?" என்று மலாயில் கத்தினார்.

மருத்துவமனைக்குப் போகும் முன் நீ அவரிடம் சொல்லி வைத்தாயாம்: "என் தங்கச்சி வாயத் திறந்து யாரையும் கூப்பிட மாட்டா. சுவரத் தட்டினா மட்டும் ஓடி வாங்க." எட்டு மாதமாக அந்தப் பக்கம் ஒருவர் காதைத் தீட்டிக்கொண்டு இருந்திருக்கிறார். இந்தப் பக்கம் நான் பேச ஆளில்லாமல் வானொலியைச் சத்தமாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என்னிடம் ஏன் சொல்லவில்லை, அக்கா? சொன்னால் கோபப்படுவேன் என்றா? கோபம்தான் வந்தது. அழுகையும் வந்தது.

சுவர் கெட்டிதான். துளை போட்டு, அலமாரி தொங்கும் இரும்புப் பட்டையை நானே திருகினேன். அலமாரியைத் தூக்கியபோது ஒரு பக்கத்தை சல்மா பிடித்துக்கொண்டார். அவர் போனதும் வீடு மறுபடி வெறிச்சென்று ஆகிவிட்டது. இரண்டு தட்டு எடுத்து வைத்து, ஒன்றைத் திரும்ப உள்ளே வைத்தேன்.

தம்பியிடம் போனில் சொன்னேன். "தனியாவா மாட்டுனீங்க?" என்றான்.

"இல்லப்பா. கூப்பிட்டா வர ஆளிருக்கு. நான் இங்கயே இருக்கேன்" என்றேன்.

நான் யாரையும் கூப்பிடவே இல்லை என்பது உனக்குத் தெரியும். இனிமேல் கூப்பிடுவேன், அக்கா. கீழே விழும்வரை காத்திருக்க மாட்டேன். தனியாக இருக்க முடியாமல் போகிற சாயங்காலங்களிலும் தட்டுவேன். சத்தியம்.

உன் பிடிவாதக்காரத் தங்கை,
ஸ்டெல்லா