சீனாக்காரன் ஜெயித்தால்

பாளையங்கோட்டை,
1915 ஆம் வருஷம் ஜூலை மாதம்.

கர்த்தருக்குள் பிரியமான மகன் தேவசிகாமணிக்கு அம்மா ஞானவடிவு எழுதிக்கொள்வது. ஷாங்காயிலே உன் சரீர சுகத்துக்காகவும் வேலைக்காகவும் விடியலிலும் விளக்கு வைக்கிற நேரத்திலும் ஜெபிக்கிறேன். இங்கே யாவரும் சுகம் என்றுதான் ஒவ்வொரு தடவையும் அடுத்த வரி எழுதுவேன், இந்தத் தடவை அந்த வரிக்குக் கை வரவில்லை ஐயா. நின்றுகொண்டு வாசித்தால் உட்கார்ந்துகொள். அறையில் தனியாய் இருந்தால் பக்கத்து அறைக்காரரைக் கூப்பிட்டு வைத்துக்கொள், அவருக்குத் தமிழ் தெரியாவிட்டாலும் ஒரு மனுஷர் பக்கத்தில் இருக்கட்டும். உன் தம்பி எலியேசர் போன மாதக் கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் கர்த்தருக்குள் நித்திரையடைந்துவிட்டான். சாவுச் செய்திக்கென்று கறுப்புக் கரை போட்ட தாளும் உறையும் வாங்கத்தான் அப்பா கடைக்குப் புறப்பட்டார், நான் வேண்டாம் என்றுவிட்டேன், உறையைப் பார்த்ததுமே நீ பயந்துபோவாய். அப்பாதான் உனக்கு எழுத வேண்டும், அதுதான் முறை. ஊரெல்லாம் சாவு வீட்டுக்குப் போய் ஆறுதல் சொன்ன உபதேசியார், உன் பெயரைத் தாளின் தலையில் எழுதிவிட்டு அப்படியே பேனாவை வைத்துவிட்டார். அதனால் நான் எழுதுகிறேன்.

அவனுக்குக் காய்ச்சலும் இருமலும் என்றும் நல்ல குணம் தெரிகிறது என்றும் எழுதிக்கொண்டே இருந்தேனே, பாதி நிஜம்தான். காசநோய் என்று டாக்டர் தை மாதமே சொல்லிவிட்டார். அண்ணனுக்கு எழுதாதம்மா, வேலையைப் போட்டுட்டுக் கப்பல் ஏறிருவான் என்று அவன்தான் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னான். பள்ளிக்கூட வேலைக்குப் போவதை நிறுத்தினோம், பையன்களுக்கு டிரில் சொல்லிக் கொடுப்பதையும் நிறுத்தினோம், அந்தக் கூடைப்பந்தை மட்டும் யாராலும் நிறுத்த முடியவில்லை. மதராஸில் கற்றுக்கொண்டு வந்து, நெல் அள்ளுகிற என் நல்ல ஓலைக் கடவப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் அடியை அறுத்துப் பனங்கட்டையில் கட்டி வைத்தவன் அல்லவா. விளையாட முடியாமல் போனதும் வாயாலேயே விளையாட ஆரம்பித்தான். தாலுகா கச்சேரி குமாஸ்தா கைலாசம் பிள்ளையும் ஆஸ்பத்திரி கம்பவுண்டர் கயத்தான் பர்னாந்தும் சாயங்காலமானால் அவன் கட்டிலண்டை வந்து உட்கார்ந்துவிடுவார்கள். உங்கள் ஊரில் மே மாதம் சீனா, ஜப்பான், பிலிப்பைன் தீவு மூன்று தேசத்தாரும் கூடிப் பந்தயம் நடத்தப்போகிறார்கள் என்று நீ எழுதினாய் பார், அன்றைக்குப் பிடித்தது சனியன். கூடைப்பந்தில் யார் ஜெயிப்பார்கள் என்று மூன்று பேரும் போட்ட கூச்சலில் எதிர்வீட்டுக் கன்றுக்குட்டி பால் குடிக்க மறந்தது.

எலியேசர் சீனா பக்கம். அண்ணன் உப்புத் தின்கிற தேசத்தை விட்டுக்கொடுக்கலாமா. வடக்கேயிருந்து வந்திருக்கிற பையன்கள் பனை உயரம், கையைத் தூக்கினால் கூடை விளிம்பு தட்டுகிறது என்று நீ எழுதியதை மனப்பாடமாகச் சொல்லுவான், நாப்பது கோடிப் பேர்ல அஞ்சு பேர் தேற மாட்டானா என்று கேட்பான். ஆள் கணக்குப் பார்த்தா ஆட்டுமந்தைல்லாவே ஜெயிக்கணும் என்று கைலாசம் பிள்ளை மடக்குவார். அவர் ஜப்பான் பக்கம், ருஷ்யாக்காரனையே கடல்ல முக்குனவன் ஒரு பந்தைக் கூடைக்குள்ள போட மாட்டானா என்பதுதான் அவருடைய ஒரே நியாயம். கூடைப்பந்துக்கு ஜப்பான்காரன் ஆள் அனுப்புவானா என்பதே சந்தேகம்னு அண்ணன் எழுதியிருக்கான் அண்ணாச்சி என்று எலியேசர் சொன்னால், வந்தா ஜெயிப்பான்வே, வராதது அவன் பெருந்தன்மை என்பார். கயத்தான் பிலிப்பைன் பக்கம், அவர்களும் அவரைப் போல ரோமை வேதக்காரர்கள், அதுவே அவருக்குப் போதும். போன பந்தயத்துல ஜெயிச்சது எங்காளுகதான், வலை வீசுத கைக்குக் கூடை எம்மாத்திரம் என்று தூத்துக்குடிக் கடற்கரையே கேட்கிற மாதிரி பேசுவார். பட்டுத்துணி விற்க வந்த சீனாக்காரன் ஒருவனைச் சின்ன வயதில் பார்த்தாராம், அவன் குள்ளமாம், ஆகையால் சீனாவில் எல்லாரும் குள்ளம், உன் அண்ணன் பொய் எழுதுதான் என்று ஒரே சாதிப்பு. எந்தத் தேசத்தானும் விளையாடி இவர்களில் ஒருத்தரும் பார்த்தது கிடையாது. நான் கஞ்சி கொண்டுபோய்க் கொடுக்கும்போது இந்த வீட்டில் சீக்காளி யார் என்று கேட்பேன், அவன் சிரிப்பான், சிரித்தால் இருமல் வரும், இருமினாலும் முகம் சிரித்துக்கொண்டே இருக்கும். அந்த முகத்துக்காகத்தான் மூன்று பேருக்கும் சுக்குவெந்நீர் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

சித்திரையில் ஒரு நாள் இருமலில் ரத்தம் விழுந்தது. துடைத்து வேறு சட்டை போட்டுவிடுகையில், அப்பாட்ட சொல்லாதம்மா, நான் ஆண்டவர்ட்ட ஓர் அடையாளம் கேட்டிருக்கேன் என்றான். என்ன அடையாளம் என்றேன். சீனாக்காரன் ஜெயிச்சா நான் எழுந்திருவேன் என்றான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கைலாசம் பிள்ளை வீட்டில் கோயிலுக்குப் போய், நினைத்தது நடக்குமா என்று வெள்ளையும் சிவப்புமாய்ப் பூக்கட்டிப் பார்ப்பார்களே, உபதேசியார் மகன் பந்தைக் கட்டிப் பார்த்திருக்கிறான். கடவுளைப் பரீட்சை பார்க்கலாமா, உங்க அப்பா பிரசங்கத்துக்கு நீ தூங்கிக்கிட்டா இருந்த என்று திட்டினேன். திட்டிவிட்டு என்ன செய்தேன் தெரியுமா. சமைக்கும்போதெல்லாம் சபைக்கென்று எடுத்து வைக்கிற பிடியரிசியோடு இன்னொரு பிடி சேர்த்தேன். அது சீனாவுக்கு. திருநெல்வேலி ஜில்லாவிலே சீனாக்காரன் பந்துக்காக முழங்கால் போட்ட பொம்பளை நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். நம்பாமல் என்ன செய்வது, டாக்டர் கைவிரித்த பிறகு பிடித்துக்கொள்ள எனக்கு வேறே என்ன இருந்தது.

ஜூன் மாதம் நடுவில் கயத்தான் தூத்துக்குடிக்கு ஒரு கலியாணத்துக்குப் போனார். அவருடைய மச்சான் துறைமுகத்து ஆபீஸில் இருக்கிறார், கொழும்புக் கப்பலில் வந்த சிங்கப்பூர்ப் பத்திரிகையை அவர் காட்டியிருக்கிறார். திரும்பி வந்த கையோடு இங்கேதான் வந்தார். நான் கிணற்றடியில் நின்றேன், தெருமுனையில் வரும்போதே அந்த மனுஷர் முகத்தில் பல்லெல்லாம் தெரிந்தது. அக்கா, எங்காளு ஜெயிச்சுட்டான், இன்னைக்கு உங்க மகனை உண்டு இல்லைன்னு ஆக்குதேன் பாருங்க என்றார். வாளியைக் கீழே வைத்துவிட்டு, ஐயா அவன்கிட்டச் சொல்லிராதீங்க என்று கையெடுத்துக் கும்பிட்டேன், அடையாளம் கேட்ட கதையையும் சொன்னேன். அப்படியே கிணற்றுச் சுவரில் உட்கார்ந்துவிட்டார். நோய்க்காரர்களை நாள்தோறும் பார்க்கிற கம்பவுண்டர், சின்னப் பிள்ளையாட்டம் விம்மி, நான் ஜெயிக்கலை அக்கா, ஜெயிக்கவே இல்லை, பத்திரிகைக்காரன் பொய் எழுதியிருப்பான் என்றார். முகத்தைக் கழுவிக்கொண்டு உள்ளே போனார்.

உள்ளே அவர் செய்ததுதான் தப்பாய்ப் போயிற்று. கைலாசம் பிள்ளை வழக்கம்போல ஜப்பானைக் கிளப்பினார், எலியேசர் சீனாவை எடுத்தான், கயத்தான் எழுந்து குதிக்க வேண்டிய இடத்தில், நம்ம எலியேசர் சொல்லுததும் சரிதான், சீனாக்காரன் பலசாலிதான் என்று பைய ஒரு வார்த்தை சொன்னார். என்னவே கயத்தான், கலியாண வீட்டுச் சோறு ஒத்துக்கலையா, உமக்குக் காய்ச்சலா என்று கைலாசம் பிள்ளை கேட்டார். எலியேசர் ஒன்றும் கேட்கவில்லை. கயத்தான் முகத்தையே பார்த்தான், அப்புறம் கூரையைப் பார்த்தான், சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

மறுநாள் காலை கஞ்சி கொண்டுபோனேன். அம்மா, பிலிப்பைன்காரன் ஜெயிச்சுட்டான், அப்படித்தானே என்றான். உனக்கு யார் சொன்னா என்றேன். கயத்தான் அண்ணாச்சி சும்மா விட்டுக்குடுக்குத ஆளா, ஜெயிச்சவன்தாம்மா விட்டுக்குடுப்பான் என்றான். எனக்கு ஆமென்று சொல்லவும் நா எழவில்லை, இல்லையென்று சொல்லவும் எழவில்லை, உன் அப்பாவோடு இத்தனை வருஷம் வாழ்ந்ததில் முகத்துக்கு நேரே பொய் சொல்ல மறந்துபோய்விட்டது, மற்ற வீட்டு அம்மாமாராய் இருந்தால் சொல்லியிருப்பார்கள். ஆறிப்போன கஞ்சியைக் கையில் வைத்து ஆற்றிக்கொண்டிருந்தேன். அவனே வாங்கி, என்னைத் தேற்றுவதற்காக ஒரு சொட்டு மிச்சமில்லாமல் குடித்தான். ஆண்டவர்ட்ட தப்பாக் கேட்டுட்டேம்மா, அவருக்குக் கூடைப்பந்து தெரியாது என்று சொல்லிச் சிரித்தான். நான் அடுப்படிக்குப் போய் முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டு அழுதேன்.

அன்று சாயங்காலம் கயத்தானை அவனே ஆள் விட்டு அழைத்தான். ஜெயிச்சதுக்குச் சந்தோசப்படாம எனக்காக மூஞ்சியைத் தொங்கப்போடாதீங்க அண்ணாச்சி, எப்படி ஜெயிச்சான் சொல்லுங்க என்றான். பத்திரிகையில் இருந்ததே நாலு வரிதான், கயத்தான் அதைக் கண்ணைத் துடைத்துத் துடைத்து அரைமணி நேரம் சொன்னார், பாதி அவராகச் சேர்த்ததாய்த்தான் இருக்கும். கேட்டுவிட்டு எலியேசர், சரி போகட்டும், அடுத்த பந்தயத்துல சீனாதான் என்றான். அடுத்தது ஜப்பான்லலா நடக்குமாம், சொந்த மண்ணுல அவனை அசைக்க முடியாதுவே என்று கைலாசம் பிள்ளை உடனே துள்ளினார். இரண்டு வருஷம் கழித்து வரப்போகிற பந்தயத்துக்கு என் பிள்ளை கை கால் ஆட்டி வழக்காடினான் ஐயா. அதைப் பார்க்கத் தான் இருக்கப்போவதில்லை என்று அவனுக்குத் தெரியும், எனக்குத் தெரியும், அந்த இரண்டு பேருக்கும் தெரியும். ஒருத்தரும் குரலைத் தாழ்த்தவில்லை. அதுதான் அவன் கடைசியாகச் சத்தமாய்ப் பேசியது. அதன் பிறகு மூச்சுக்கே பலம் போதவில்லை. போகும்போது நோவு அதிகமில்லை, என் மடியில்தான் தலை இருந்தது, அப்பா ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தார்.

நம்முடைய கோயிலுக்குள் வரக்கூடாது என்று கயத்தானுக்கு அவர்கள் சாமியார் கட்டளை, மதிலுக்கு வெளியே வெயிலில் நின்றார், பெட்டி வெளியே வந்ததும் தோள் கொடுத்தார். கைலாசம் பிள்ளை கல்லறைத் தோட்டம் வரைக்கும் வந்து மண் போட்டுவிட்டு, வண்ணார்பேட்டை ஆற்றில் முழுகி, ஈரத் துணியோடு மறுபடியும் நம் வாசலுக்கு வந்து நின்றார். உட்காருங்க என்றேன், தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். அவர்கள் இருவரும் வருகிற நேரம் வந்தால் இப்போது எனக்கு வீட்டில் இருக்கப் பிடிக்கவில்லை.

அடக்கம் முடிந்த வாரம் உன் கடிதம் வந்தது, அவன் பெயருக்கு. அப்பா தொடமாட்டேன் என்றார், நான்தான் பிரித்தேன். சீனா தோற்றதற்கு வருத்தப்படாதே தம்பி, ஜெயிக்கும் ஜெயிக்கும் என்று உன்னை நம்பவைத்தவன் நான்தான், குற்றம் என்மேல் என்று விளையாட்டாக எழுதியிருந்தாய். மறைப்பானேன், அன்றைக்கு ஒரு நாள் முழுக்க உன்மேல் எனக்குக் கோபம் இருந்தது. பனை உயரம் என்று இவன் எழுதாமல் இருந்தால் அவன் அப்படிக் கேட்டிருக்கமாட்டானே என்று பைத்தியக்காரி மாதிரி சுவரோடு பேசினேன். அப்புறம் தெளிந்தேன். அதனால்தான் ஒன்றையும் விடாமல் எழுதுகிறேன், நாளைக்கு யாரோ ஒருவர் வாயால் அரையும் குறையுமாய்க் கேட்டு நீ நெஞ்சில் போட்டுக்கொள்ளக் கூடாது. உன்னால் ஒன்றுமில்லை ஐயா. சித்திரையில் போயிருக்க வேண்டியவன், மே வரட்டும், தபால் வரட்டும் என்று ஆனி வரைக்கும் இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தான். அது உன் எழுத்தால். அதைத் தின்றுதான் இருந்தான், என் கஞ்சியால் இல்லை.

வேலையை விட்டு உடனே ஓடி வராதே, சண்டைக் காலத்தில் கடல் நல்லதல்ல, உன்னையும் தண்ணீருக்குக் கொடுக்க என்னிடம் தெம்பில்லை. லீவு கிடைத்து, கப்பல் பயமில்லை என்று பெரியவர்கள் சொன்ன பிறகு வா. குளிர் காலத்தில் நெஞ்சுக்குக் கம்பளி போடாமல் வெளியே போகாதே, இருமல் வந்தால் ஒரு நாளும் சும்மா இராதே, டாக்டரிடம் போ, எனக்கு மறைக்காமல் எழுது. அப்பாவுக்குத் தனியாக ஒரு கடிதம் போடு, அவர் அழ வேண்டும், இன்னும் அழவில்லை.

டெலிகிராம் ஏன் கொடுக்கவில்லை, இத்தனை நாள் ஏன் எழுதவில்லை என்று கேட்பாய். அப்பா தினம் கேட்டார், நாளைக்கு நாளைக்கு என்று நான்தான் தள்ளினேன். நீ அங்கே ஆபீஸுக்குப் போயிருப்பாய், சாப்பிட்டிருப்பாய், தம்பிக்கு என்ன எழுதலாம் என்று யோசித்திருப்பாய். உன் மட்டிலாவது அவன் இன்னும் உயிரோடு இருந்தான். இந்த உறையை ஒட்டினால் அங்கேயும் அவன் இல்லாமல் போய்விடுவான் ஐயா. தபால்காரர் வாசலில் நிற்கிறார், ஒட்டத்தான் போகிறேன்.

கர்த்தர் உன்னைக் காத்து, உன் போக்கையும் வரத்தையும் ஆசீர்வதித்து, எங்கள் கண்கள் உன்னைக் காணும்படி செய்வாராக. ராத்திரி ஜெபத்தை விடாதே. அவனுக்கென்று நீ எழுதிப் போட்ட கடிதம் ஏதாவது கடலில் வந்துகொண்டிருந்தால் அதை நினைத்துச் சங்கடப்படாதே, வரட்டும், நான் வாசிக்கிறேன்.

இப்படிக்கு,
உனக்காகவே உயிர் வைத்திருக்கிற அம்மா,
ஞானவடிவு