நல்ல தண்ணி

மார்ச் 3

ஒரு சமையல் புத்தகத்துக்கு இன்று மெய்ப்புப் பார்த்தேன். ‘உப்பு தேவையான அளவு’ என்பதை ‘உப்பு தேவையான அழவு’ என்று போட்டிருந்தார்கள். ஓரிடத்தில் இல்லை, புத்தகம் நெடுக ஒரே அழுகை. சிரித்துக்கொண்டே திருத்திவிட்டு அச்சகத்திலிருந்து வீட்டுக்கு வந்தால் இங்கேயும் உப்புப் பேச்சு.

“ஹால்ல ஒரு கடல் வைக்கலாம்னு இருக்கேன்” என்றார் ஆரம்பசூரர்.

என் வீட்டுக்காரருக்கு இந்த நோட்டில் அதுதான் பெயர். புல்லாங்குழல், ரொட்டி சுடும் அடுப்பு, மடக்கு சைக்கிள் என்று எல்லாவற்றையும் தடபுடலாகத் தொடங்கி, முதல் தடங்கலிலேயே பரணில் ஏற்றியவர். பரணுக்கு வாய் இருந்தால் அழும்.

“கடலா? அலை எல்லாம் வருமா?”

“வரும். அதுக்குன்னே ஒரு மோட்டார் இருக்கு.”

நான் கிண்டலுக்குக் கேட்டேன். மனிதர் பதில் சொல்கிறார்!

வேலை பார்த்த கம்பெனியை மூடியதிலிருந்து சுவரைப் பார்த்தே படுத்திருந்தவர், இன்று எழுந்து சவரம் செய்துகொண்டு அளவு நாடா கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். என்னமோ செய்யட்டும்.

மார்ச் 9

ஜன்னல் பக்கம் வெயில் படுமாம், ஆகாது. சமையலறை ஓரம் புகை வருமாம், ஆகாது. கடைசியில் என் அகராதி அலமாரி இருக்கும் இடம்தான் கடலுக்கு ராசியான இடம் என்று தெரியவந்தது. அகராதிகள் இப்போது பருப்பு டப்பாக்களுக்குப் பக்கத்தில் குடியிருக்கின்றன.

ரசமட்டம் வைத்துப் பார்த்தார். தரை ஒரு பக்கம் சரிவாம். இத்தனை வருஷமும் சரிவில்தான் குடித்தனம் நடத்தியிருக்கிறோம். தெரியாமலேயே நன்றாகத்தான் போயிற்று.

மார்ச் 22

தொட்டி வந்தது. நான்கு பேர் தூக்கி வந்தார்கள், இவர் குறுக்கே நின்று “பாத்து, பாத்து” என்றார்.

எல்லா வீட்டையும் போல எங்கள் வீட்டிலும் இரண்டு தண்ணீர். குளிக்கவும் துவைக்கவும் குழாயில் வரும் உப்புத் தண்ணி. குடிக்க, வடிகட்டியில் பிடிக்கும் நல்ல தண்ணி. இப்போது இவர் அந்த நல்ல தண்ணியைக் குடம் குடமாகப் பிடித்து, நீல டிரம்மில் ஊற்றி, பாக்கெட் உப்பைக் கொட்டிக் கலக்குகிறார். ஊரெல்லாம் உப்புத் தண்ணியை நல்ல தண்ணியாக்கப் பாடுபடுகிறது. எங்கள் வீட்டில் தலைகீழ்.

“கல்லுப்பு நிறைய இருக்கே, தரட்டுமா?” என்றேன் நல்லெண்ணத்தில்.

அவர் பார்த்த பார்வை இருக்கிறதே! இது வேறு உப்பாம், கடலில் என்னென்ன உண்டோ அத்தனையும் இதில் உண்டாம். ஒரு சொட்டை உப்பின் அளவு காட்டும் கருவியில் விட்டு, ஒற்றைக் கண்ணால் வெளிச்சத்தைப் பார்த்தார். பிறகு டிரம்மைத் தட்டிக்கொடுத்து, “நமக்குத்தான் இது உப்புத் தண்ணி. மீனுக்கு இதான் நல்ல தண்ணி” என்றார்.

தத்துவம்! ரொட்டி அடுப்பிலும் இப்படித்தான் ஆரம்பித்தது.

மார்ச் 30

தொட்டியில் கல், மணல், தண்ணீர். வேறொன்றுமில்லை. மாடிவீட்டு அக்கா வந்து நாலு பக்கமும் குனிந்து பார்த்தார்.

“மீனெல்லாம் எங்க ஒளிஞ்சிருக்கு?”

“இன்னும் வாங்கலக்கா.”

“அப்ப எதுக்கு லைட்டு?”

எனக்கும் அதே சந்தேகம்தான்.

ஏப்ரல் 8

கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் கல்லில் குடியேறிய பிறகுதான் மீனை விடவேண்டுமாம். மீனின் கழிவை அவைதான் தின்று தீர்க்குமாம். புது இடத்தில் மீன் கஷ்டப்படக் கூடாதே என்று இத்தனை ஏற்பாடு. நான் இந்த வீட்டுக்கு வந்த நாளில் ஒரு கிருமியும் எனக்காக முன்கூட்டிக் குடியேறவில்லை. நேரே அடுப்படிக்கு அனுப்பினார்கள்.

ஏப்ரல் 26

தொட்டி முழுக்கப் பழுப்பு. கல், மணல், கண்ணாடி எல்லாவற்றிலும் துருப்பிடித்த மாதிரி ஒரு படலம். காலையில் பார்த்துவிட்டு அப்படியே நின்றார்.

எனக்கு அந்த நிற்பு தெரியும். புல்லாங்குழலில் விரிசல் விழுந்த அன்றும் அப்படித்தான் நின்றார்.

இதையும் ஏறக்கட்டினால் திரும்பவும் அந்தச் சுவர்தான். இந்தத் தடவையும் தானாக எழுந்துகொள்வாரா? பயமாக இருக்கிறது. பகலெல்லாம் கிண்டல் பண்ணுகிறேன், உள்ளுக்குள் பயம். வேறெப்படிப் பயப்படுவது என்று எனக்குத் தெரியவில்லை.

மாலை: வளர்ப்புமீன் கடைக்காரரிடம் போய்விட்டு முகமலர்ச்சியோடு வந்தார். “இது வரணும் சார், வரலைன்னாதான் கவலைப்படணும்” என்றாராம் அவர். அழுக்கு வந்ததற்கு ஒருவர் வாழ்த்துச் சொல்லி இன்றுதான் கேள்விப்படுகிறேன். கடைக்காரர் நன்றாக இருக்கட்டும்.

மே 10

இரண்டு மீன்கள். ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை. பெரியதற்கு ‘மேனேஜர்’ என்று பெயர் வைத்திருக்கிறார்.

“எந்த மேனேஜர்? உங்க கம்பெனியை இழுத்து மூடினாரே, அவரா?”

“அவரேதான். இப்ப நான் போட்டாத்தான் அவருக்குச் சோறு.”

சொல்லிவிட்டுச் சிரித்தார். வயிறு குலுங்க, கண்ணில் தண்ணீர் வர. நான் தட்டுக் கழுவுகிற சாக்கில் உள்ளே போய்விட்டேன்.

ஜூன் 6

“கல்யாணமான புதுசுல பவளம் வாங்கித் தரேன்னு சொன்னீங்க. ஞாபகம் இருக்கா?”

“அதான் வாங்கிட்டு வந்திருக்கேனே” என்று ஒரு பையை நீட்டினார். உள்ளே ஒரு துண்டுக் கல், அதன்மேல் பச்சையாக ஏதோ. உயிருள்ள பவளமாம். கழுத்தில் மாட்ட முடியாது. ஆனால் விளக்குப் போட்டால் சின்னச் சின்ன விரல்களை விரித்து ஆடுகிறது, அணைத்தால் மூடிக்கொள்கிறது. நகைக்கடைப் பவளம் இதெல்லாம் செய்யுமா என்கிறார். வாய் மட்டும் இல்லாவிட்டால் இந்த மனிதரை...

கூடவே சிவப்பு வெள்ளை வரி போட்ட இறால் ஒன்று. மீன்களின் உடம்பை மேய்ந்து சுத்தம் செய்கிறது. இவர் ‘நர்ஸம்மா’ என்கிறார். மாடிவீட்டு அக்கா “எப்ப சமைப்பீங்க?” என்கிறார்.

ஜூலை 12

என் நாத்தனார் குளியலறையில் வழுக்கிக் காலை உடைத்துக்கொண்டார். இவர் தங்கையைப் பார்த்துக்கொள்ளக் கிளம்பிவிட்டார். வாசலில் நின்று தங்கையைப் பற்றி ஒரு வார்த்தை, தொட்டியைப் பற்றி ஒன்பது.

“தண்ணி தினமும் கொஞ்சம் குறையும். கண்ணாடியில கோடு போட்டிருக்கேன். காலைல அந்தக் கோடு வரைக்கும் நல்ல தண்ணி ஊத்திடு.”

“அதுகூடத் தெரியாதா எனக்கு? பஸ் போயிடும், கிளம்புங்க.”

ஜூலை 14

கோடு வரை ஊற்றினேன். சிந்தாமல் சிதறாமல். மேனேஜர் இப்போது என்னைக் கண்டால் ஓடி வருகிறார். சோறு போடுகிறவர்கள் பக்கம் சாய்கிற புத்தி மேனேஜர்களுக்கு எங்கேயும் உண்டு போல.

ஜூலை 17

பவளம் இன்றைக்கும் விரியவில்லை. மூடிய முஷ்டி மாதிரி இருக்கிறது. நர்ஸம்மா கல்லுக்கு அடியில் சாய்ந்து கிடக்கிறாள். தண்ணீர் கோட்டில்தானே இருக்கிறது, நான் என்ன செய்தேன்?

ஜூலை 18

நர்ஸம்மா போய்விட்டாள்.

போன் பண்ணிச் சொன்னேன். முதல் கேள்வியே, “எந்தத் தண்ணியை ஊத்தினே?”

“நல்ல தண்ணிதான். நீங்க கலக்கி நீல டிரம்ல வச்சிருக்கீங்களே, அது.”

“அது உப்புத் தண்ணிம்மா.”

“நீங்கதானே அதை மீனோட நல்ல தண்ணின்னீங்க!”

“நான் குடிக்கிற தண்ணியைச் சொன்னேன்.”

ஆவியாகிப் போவது வெறும் தண்ணீர்தானாம், உப்பு உள்ளேயே நிற்குமாம். அதன் தலையில் நான் தினமும் புது உப்பைக் கொட்டியிருக்கிறேன். ஆசையாக, அளவு பார்த்து, கோடு வரைக்கும். ஐயோ, என்ன காரியம் பண்ணிட்டேன். ஊரார் புத்தகத்துல எல்லாம் ஒரு புள்ளி விடாம பிழை பிடிக்கிறவ, சொந்த வீட்டுல ஒரு சொல்லுக்கு எது பொருள்னு கேக்கத் தோணலையே. அத்தனை மாசம் அந்த மனுஷன் கட்டி வச்சதை அஞ்சாறு செம்புல...

உப்பு தேவையான அழவு. அந்த அச்சகக்காரன் சரியாகத்தான் போட்டிருக்கிறான்.

ஜூலை 19

விடிந்ததும் வந்துவிட்டார். பையைத் தோளிலிருந்து இறக்காமலேயே ஒரு சொட்டு எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். நான் சமையலறை வாசலில் நின்றேன். பரண் பக்கம் என் கண் போகாமல் பார்த்துக்கொண்டேன்.

“ரொம்ப ஏறியிருக்கு” என்றார். “ஒரேயடியா இறக்கினா இருக்கறதும் செத்துப்போயிடும். கொஞ்சம் கொஞ்சமாத்தான் இறக்கணும்.”

“என்னாலதான்...”

“உன்னால மட்டுமா? டிரம்மைத் தட்டித் தத்துவம் பேசினது யாரு?”

தொட்டியிலிருந்து ஒரு செம்பு எடுத்தார், வடிகட்டித் தண்ணீர் ஒரு செம்பு விட்டார். காலையில் கொஞ்சம், மாலையில் கொஞ்சம். நர்ஸம்மாவைப் பூந்தொட்டியில் புதைத்தார். மதியம் சாப்பிட்டார். சாப்பிட்டுவிட்டுத் திரும்பவும் தொட்டியின் முன்னால் முக்காலியைப் போட்டு உட்கார்ந்தார்.

படுக்கவில்லை. எழுதி வைத்துக்கொள்கிறேன்: அவர் படுக்கவில்லை.

ஜூலை 25

பவளத்தின் ஓரத்தில் ஒரு விரல் விரிந்திருக்கிறது. ஒன்றே ஒன்று. மாடிக்கு ஓடிப்போய் அக்காவை இழுத்து வந்து காட்டினேன். “இவ்வளவுதானா?” என்றார். ஈரமில்லாத பெண்மணி.

ஆகஸ்ட் 13

முழுக்க விரிந்துவிட்டது. பார்த்துக்கொண்டே நின்றதில் இன்று நான் அச்சகத்துக்குத் தாமதம்.

செப்டம்பர் 16

ஒரு குளிர்பதனக் கிடங்கில் மேற்பார்வையாளர் வேலைக்கு நேர்முகத் தேர்வு. விண்ணப்பம் போட்டதையே என்னிடம் சொல்லவில்லை. போய்விட்டு வந்துதான் சொன்னார்.

“வேலை இல்லாம இருந்தப்ப என்ன பண்ணீங்கன்னு கேட்டாங்க.”

“என்ன சொன்னீங்க?”

“வீட்டுல ஒரு கடல் வச்சிருக்கேன்னு சொன்னேன்.”

“சிரிச்சிருப்பாங்களே!”

“ரெண்டு பேர் சிரிச்சாங்க. ஒருத்தர் மட்டும், அது இன்னும் நல்லா இருக்கான்னு கேட்டார். இருக்குன்னேன்.”

செப்டம்பர் 24

கிடைத்துவிட்டது!

அக்டோபர் 5

பயிற்சிக்காக இன்று வெளியூர் கிளம்பினார். இரண்டு வாரம் வரமாட்டார். டிரம்மில் பெரிய எழுத்தில் எச்சரிக்கை ஒட்டியிருப்பார், பாடம் நடத்துவார், மாடிவீட்டு அக்காவைக் காவலுக்கு வைப்பார் என்றெல்லாம் எதிர்பார்த்திருந்தேன். சண்டைக்குப் பதில்கூடத் தயாராக வைத்திருந்தேன். மனிதர் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலைத் தாண்டிவிட்டார். எனக்குத்தான் பொறுக்கவில்லை.

“தொட்டியைப் பத்தி ஒண்ணுமே சொல்லாம போறீங்க?”

திரும்பிப் பார்த்தார். “உன்கிட்ட என்ன சொல்லணும்?” என்றார். போய்விட்டார்.

உள்ளே வந்தேன். தண்ணீர் கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்தது. வடிகட்டியில் ஒரு செம்பு பிடித்தேன். ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டு, மீதியை ஊற்றினேன்.