வெள்ளைப் பூ வந்தது

அவனியாபுரம்,
5.10.2025

அன்புள்ள தம்பி பாண்டியராஜனுக்கு,

அக்கா எழுதுவது. இங்கே நலம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருக்க வேண்டும். போனில் கேட்டால் பேச்சை மாற்றிவிடுகிறாய், அதனால்தான் பேனா எடுத்தேன்.

உன் சிப் கம்பெனியும் ஒரு சென்னைக் கம்பெனியும் இணையப் போகின்றனவாம் என்று எங்கும் பேச்சு. பங்கு விலை ஏறிக்கொண்டே இருக்கிறது. என் சீர் நிலத்தை விற்று உன் மச்சான் வாங்கிய உன் கம்பெனிப் பங்குகள் அப்படியே கிடக்கின்றன. இப்போது விற்றால், அவர் போனபின் பூட்டிக்கிடக்கும் லேத் பட்டறையைத் திறந்துவிடுவேன். ஆனால் ஆஸ்பத்திரியில் அவர் கடைசியாகச் சொன்னது, "ரெண்டும் ஒண்ணாகுற வரைக்கும் கை வைக்காத, லட்சுமி."

பங்குச் சந்தை திறக்கும் நேரத்துக்கு அவர் போனில் வைத்த அலாரம் இன்னும் தினமும் அடிக்கிறது. அணைக்கக் கை வரவில்லை. பட்டறையிலிருந்து அவரே கூப்பிடுகிற மாதிரி இருக்கிறது. பயமாகவும் இருக்கிறது, ஆறுதலாகவும் இருக்கிறது.

விற்கவா, வேண்டாமா?

உன் அக்கா,
சுபலட்சுமி


பெங்களூரு,
12.10.2025

அன்புள்ள அக்காவுக்கு,

கோபப்படாதே. நான் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். இந்த இணைப்பைப் பற்றி வீட்டில்கூட வாய் திறப்பதில்லை என்று எழுதிக்கொடுத்திருக்கிறேன். மீறினால் வேலையும் போகும், வழக்கும் வரும். ஆம் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது.

தீபாவளிக்குப் புடவை அனுப்பியிருக்கிறேன்.

உன் தம்பி,
பாண்டியராஜன்


அவனியாபுரம்,
26.10.2025

அன்புள்ள தம்பிக்கு,

புடவை வந்தது. அரக்கு நிறம் எனக்கு எடுக்காது என்று தெரிந்தும் அதையே வாங்கியிருக்கிறாய். பரவாயில்லை, நீ வாங்கியது, கட்டிக்கொள்கிறேன்.

உன்னால் முடியாது என்றதும் சாமியிடமே கேட்டுவிட்டேன். குலசாமி கோயிலில் பூக்கட்டிப் பார்த்தோம். செவ்வரளி வந்தால் விற்பது, வெள்ளைப் பூ வந்தால் வைத்திருப்பது. எடுத்த பொட்டலத்தைப் பிரித்தால் வெள்ளை நந்தியாவட்டை. பூசாரி பேயாண்டி சொன்னார்: "உன் வீட்டுக்காரன் வாக்கும் சாமி வாக்கும் ஒண்ணா நிக்கிது தாயி. அங்கிட்டு இங்கிட்டுப் பாக்காத." எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது.

விற்கப்போவதில்லை. இது தப்பென்றால் ஒரு வார்த்தை எழுது.

உன் அக்கா,
சுபலட்சுமி


பெங்களூரு,
3.11.2025

அன்புள்ள அக்காவுக்கு,

சாமியே சொன்னபின் நான் குறுக்கே பேச என்ன இருக்கிறது? சாமி வழிகாட்டும். நீ நிம்மதியாக இரு.

இங்கே மழை. எனக்குச் சில நாளாகத் தூக்கம் சரியில்லை. பொங்கலுக்கு வழக்கம்போலச் சீரோடு வருகிறேன். காய்கறியெல்லாம் பரவை மார்க்கெட்டில் வாங்கிக்கொள்ளலாம்.

உன் தம்பி,
பாண்டியராஜன்


அவனியாபுரம்,
18.12.2025

பாண்டியராஜனுக்கு,

இணைப்பு இல்லை என்று அறிவித்துவிட்டார்கள். பங்கு தரையில் கிடக்கிறது. பட்டறையை இனி திறக்க வழியில்லை.

பேச்சுவார்த்தை தீபாவளிக்கு முன்பே முறிந்துவிட்டதாம், பேப்பரில் போட்டிருக்கிறது. பூ வந்த சேதியை நான் எழுதியபோது உனக்குத் தெரிந்திருக்கிறது.

சட்டத்தை நான் குறை சொல்லவில்லை. முதல் தடவை முடியாது என்றாய், ஏற்றுக்கொண்டேன். இரண்டாம் தடவையும் முடியாது என்றே எழுதியிருக்கலாம். சாமிக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டாயே, அதுதான் எனக்கு ஆறவில்லை. சாமிக்குத் தெரியாமல் போயிருக்கலாம். உன் மச்சானுக்கும் தெரியாது, பாவம். தெரிந்தவன் நீ ஒருத்தன்தான்.

இன்று அலாரம் அடித்தபோது "முடிஞ்சிருச்சுங்க" என்று சொல்லி அணைத்தேன். அதற்குப் பிறகும் எனக்குக் கேட்டுக்கொண்டே இருக்கிறது.

பொங்கலுக்குச் சீர் கொண்டு வராதே. அக்கம்பக்கத்தில் கேட்டால், தம்பிக்கு லீவு கிடைக்கவில்லை என்று சொல்லிக்கொள்கிறேன்.

சுபலட்சுமி