நாற்பத்திரண்டாவது பதிவு

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணி எழுதுகிறேன். நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே நாங்கள் நாட்களை எப்படியோ ஓட்டிக்கொண்டிருக்கிறோம். போனில் பேசாமல் எதற்கு இவ்வளவு நீளமாக மெயில் என்று நினைப்பாய். வீட்டில் நான் போனை எடுத்தால் உன் அண்ணன் பக்கத்து அறையில்தான் இருக்கிறார். பேச்சு போன பிறகு அவருக்குக் காது இரண்டு மடங்கு கூர்மையாகிவிட்டது. அதனால் கண்ணாடிக் கடையில், மதியச் சாப்பாட்டு நேரத்தில், கண் சோதிக்கும் சின்ன அறையில் உட்கார்ந்து தட்டுகிறேன். எதிரே எழுத்து அட்டை தொங்குகிறது. கடைசி இரண்டு வரி எனக்கே மங்கலாகத்தான் தெரிகிறது. ஊரார் கண்ணுக்கெல்லாம் கண்ணாடி வெட்டிக் கொடுக்கிறேன், என் கண்ணைப் பார்க்க எனக்கு நேரமில்லை.

முதலில் அவர் உடம்பைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். குரல்வளையை எடுத்த ஆபரேஷன் முடிந்து இன்றோடு முப்பத்து மூன்று நாள். காயம் நன்றாக ஆறுகிறது என்கிறார் டாக்டர். மூச்சுக்காகக் கழுத்தில் போட்டிருக்கும் துளையைத் தினமும் இரண்டு தடவை நான்தான் சுத்தம் செய்கிறேன். முதல் வாரம் டாக்டர் தந்த தாளைப் பார்த்துப் பார்த்துச் செய்தேன். இப்போது பார்க்காமலே கை போகிறது, அதுதான் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. எல்லாவற்றையும் மசித்துத்தான் சாப்பிடுகிறார். டிரைவிங் ஸ்கூல் முதலாளி வந்து பார்த்துவிட்டுப் போனார். இனிமேல் காரில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க முடியாது, சாலை விதிப் பரீட்சைத் தாள்களைத் திருத்தட்டும் என்றார். இவரும் தலையாட்டினார். இவர் போட்ட சத்தத்துக்குப் பயந்தே பிரேக் பிடிக்கக் கற்றுக்கொண்டவர்கள் இந்த ஊரில் எத்தனை பேர். இப்போது என்னைக் கூப்பிட வேண்டுமென்றால் மேசையில் கரண்டியால் இரண்டு தட்டு தட்டுகிறார்.

நீ கேட்டிருந்த விஷயத்துக்கு வருகிறேன். கிளவுடில் இடம் நிரம்பிவிட்டது, கூடுதல் இடம் வாங்கவா, இல்லை எல்லாவற்றையும் ஹார்ட் டிஸ்கில் இறக்கிக்கொள்கிறீர்களா என்று கேட்டாய். இரண்டு வாரமாகப் பதில் எழுதாததற்கு மன்னித்துவிடு. யோசிக்கத் தெம்பில்லை.

குரல் போவதற்கு முன்னால் அவர் குரலைப் பதிவு செய்து வையுங்கள் என்று பேச்சுப் பயிற்சி கொடுக்கிற அம்மா சொன்னபோது, எங்கே வைப்பது என்றே எங்களுக்குத் தெரியவில்லை. நீதான் உன் கணக்கில் இடம் ஒதுக்கிக் கொடுத்தாய். மேகத்தில் வைக்கிறோம் என்று நான் சொன்னதற்கு, மழை பெய்தால் என் குரல் யார் வீட்டு மாடியில் விழும் என்று கேட்டார். அவர் வாயிலிருந்து நான் கேட்ட கடைசிக் கிண்டல் அதுதான். பிறகு படுக்கையறை ஜன்னலைச் சாத்திக்கொண்டு நாலு நாள் உட்கார்ந்து பதிவு செய்தார். என் பெயர், பெண்ணின் பெயர், சாப்பாடு ஆச்சா, கதவைச் சாத்து, மழை வருது பாரு என்று நாற்பத்தொரு பதிவு. எனக்கென்று தனியாக ஒன்று இருக்கிறது. அதை நீ கேட்டிருந்தாலும் கேட்காத மாதிரியே இருந்துவிடு.

நல்லது என்ன என்றால், ஆஸ்பத்திரியில் நாலாவது நாள் அவர் போன் குளியலறை வாளிக்குள் விழுந்து செத்துப்போனது. எனக்கு உயிரே போய்விட்டது. புதுப் போனில் உன் கணக்கைத் திறந்ததும் எல்லாம் வரிசையாக வந்து நின்றன, எண்ணிக்கூடப் பார்க்கவில்லை. அன்றைக்கு நீ இருக்கும் திசை பார்த்துக் கும்பிட்டேன். இதுவே அலமாரியில் பூட்டி வைத்த டிஸ்காக இருந்து, அது கீழே விழுந்திருந்தால் யாரிடம் போய் நிற்பது.

கெட்டதும் இருக்கிறது. நெட் இல்லாத நாளில் அவர் குரலும் இல்லை. எந்த நாட்டில், எவன் கட்டடத்தில், எந்த இயந்திரத்துக்குள் என் புருஷன் “சாப்பிட்டியா” என்று கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று நினைத்தால் ஒரு மாதிரி இருக்கிறது. அதையும் பொறுத்துக்கொண்டேன். போன வாரம் நடந்ததைத்தான் பொறுக்க முடியவில்லை. போனில் இடம் இல்லை என்று உன் அண்ணன் மகள் அந்தப் பதிவுகளை அழித்தாள். கிளவுடில்தான் இருக்கிறதே, போனில் எதற்கு என்று நினைத்திருக்கிறாள். இங்கே அழித்தால் அங்கேயும் அழியும் என்று யாருக்குத் தெரியும். மூன்று நாள் கழித்துத்தான் பார்த்தோம். அவள் அழுத அழுகையில் திட்டக்கூட முடியவில்லை.

எங்கள் கடையில் கண் சோதிக்கிற பெண்தான், அக்கா, அந்தக் கணக்கிலேயே குப்பைத் தொட்டின்னு ஒண்ணு இருக்கும், திறந்து பாருங்க, அழிச்சது முப்பது நாள் அதிலேயே கிடக்கும் என்றாள். இதோ இந்த அறையில்தான் திறந்தோம். எல்லாம் இருந்தது. ஒவ்வொன்றாகத் தொட்டு மீட்டேன். மீட்டு முடித்த பிறகு ஒன்று மிச்சம் இருந்தது.

அதன் மேல் “தம்பிக்கு” என்று எழுதியிருந்தது. ஆறு நிமிஷம். பதிவு செய்த தேதி ஆபரேஷன் நடந்த அன்று காலை. என்னை மருந்துக் கடைக்கு அனுப்பிவிட்டுப் பேசியிருக்க வேண்டும். அழித்த தேதி பன்னிரண்டு நாள் கழித்து. அழித்தது மகள் இல்லை, அவர்தான்.

உனக்கு நேராகச் சொல்லிவிடுகிறேன். அது உன் கணக்கு என்று தெரிந்துதான் அதில் பேசி வைத்திருக்கிறார். நீ பார்ப்பாய் என்று பன்னிரண்டு நாள் இருந்து பார்த்திருக்கிறார். நீ அந்தப் பக்கமே போகவில்லை. இடம் கொடுத்த அன்றே “அது உங்க குடும்ப விஷயம் அண்ணி, நான் எட்டிப் பாக்க மாட்டேன்” என்றாய். மரியாதையாகத்தான் சொன்னாய், தெரியும். அவருக்கு அது தெரியாது.

வேலை முடிந்ததும் வருகிறேன் என்று சொல்லி, உன் அப்பா காலமான மறுநாள் நீ பையோடு வாசலில் நின்றது எனக்கு மறக்கவில்லை. “இப்ப எதுக்கு வந்தே” என்று அவர் கேட்டதும் மறக்கவில்லை. நீ வந்த வண்டியிலேயே ஏறிப் போய்விட்டாய். மூன்று வருஷம். அவர் குரலில் நீ கேட்ட கடைசி வார்த்தை அதுதான் என்று இப்போதுதான் எனக்கு உறைக்கிறது.

அந்தப் பதிவில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. தொட்டியில் கிடக்கும்போது கேட்க முடியாது, மீட்டால்தான் கேட்கலாம். மீட்க நான் யார். அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போய், எல்லாம் திரும்பக் கிடைத்துவிட்டது என்று சொன்னேன். சிலேட்டை எடுத்து, எத்தனை என்று எழுதிக் காட்டினார். “நாப்பத்தொண்ணு” என்றேன். சிலேட்டைத் துடைக்காமல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு தலையாட்டிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நிம்மதியா, ஏமாற்றமா என்று இருபது வருஷம் கூட வாழ்ந்த எனக்கே தெரியவில்லை.

இடம் வாங்குவதா, டிஸ்கா என்று கேட்டாயே, இரண்டும் வேண்டும். ஒன்றை மட்டும் நம்பி இருக்கத் தைரியமில்லை. டிஸ்க் நான் வாங்கிக்கொள்கிறேன்.

மற்றது உன் இஷ்டம். நீ அதை மீட்டால் அவர் போனிலும் வந்து நிற்கும், எடுத்தது யார் என்று அவருக்குப் புரிந்துவிடும். அதற்கு மேல் நீ ஒரு வார்த்தையும் பேச வேண்டாம், அவராலும் முடியாது. மனசு வரவில்லை என்றால் விட்டுவிடு, நான் குறையாக எண்ண மாட்டேன். நான் எழுதியது அவருக்குத் தெரியாது.

குளிரில் அலையாதே. வேளைக்குச் சாப்பிடு. நீ நன்றாக இருக்க வேண்டும், அதுதான் எனக்கு வேண்டியது. அது தொட்டியில் கிடக்க இன்னும் ஒன்பது நாள்தான் இருக்கிறது தம்பி. வேலை முடியட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று மட்டும் வைத்துவிடாதே.

உங்கள் இருவருக்கும் நடுவில் நிற்கும்,
அண்ணி