லைட் போகாத ஞாயிற்றுக்கிழமை

இன்று காலை உன் எரவாடா வீட்டில், மேசைக்கடியிலிருந்து அந்தப் பழைய கம்ப்யூட்டர் மூன்று முறை பீப் என்று கத்தியது. திரை கறுப்பாகவே இருந்தது. நீ இறந்துபோய் நாலு மாதம் ஆகிறது. வீட்டைக் காலி செய்ய உன் மகள் பாணேரிலிருந்து வந்திருந்தாள். "அங்கிள், ஆன் பண்ணா பீப் மட்டும்தான் வருது. வந்து பாக்கறீங்களா?" என்று அவள் போனில் கேட்டாள். அதில் எதைத் தேடப்போகிறாள் என்று கேட்காமலே ஹடப்சரில் பஸ் ஏறிவிட்டேன்.

மூன்று பீப் என்றால் உள்ளே ரேம் அட்டை சரியாக உட்காரவில்லை. எத்தனை முறை பார்த்திருப்போம்! பக்கத் தகட்டைக் கழற்றி, அட்டையை உருவி, அதன் தங்க நிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் தேய்த்து, 'டக்' என்று சத்தம் வரும்வரை அழுத்தி மாட்டுவோம். நீ பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார், நான் அரசாங்க ஆபீஸ் கிளார்க். இரண்டு பேரும் தப்புத் தப்பாகச் செய்து செய்தே கற்றுக்கொண்டோம். திருகாணி முழுதாகக் கழலும் முன்பே நான் தகட்டைப் பிடித்து இழுப்பேன். "உனக்கு என்னடா அவசரம்? ரயிலா புடிக்கப்போற?" என்பாய்.

உன் மனைவி ஸ்டெல்லா சர்ச்சில் பாடுகிறவள். வீட்டில் ஒத்திகை பார்க்கும்போது ஒரு சின்ன மைக்கை மாட்டி, அந்தக் கம்ப்யூட்டரிலேயே தன் பாட்டைப் பதிந்துவைத்தாள். அவள் இறந்தபிறகு நீ தினமும் அதைப் போட்டுக் கேட்டாய். ஒரு பாட்டின் நடுவில் இருமிவிட்டு, "ஐயோ, மறுபடியும் முதல்லேர்ந்து" என்று சிரிப்பாள். அந்த இடத்தில் நீயும் சிரிப்பாய்.

சில வருஷங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நானும் உடன் இருந்தேன். பாட்டு முடிந்தது, கம்ப்யூட்டரை ஷட்டவுன் செய்தாய். திரையில் 'ஷட்டிங் டவுன்' என்று காட்டிவிட்டு அது பத்து நிமிஷம் அப்படியே நின்றது. எனக்குப் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. "இரு, தானா அணையும்," என்று சொல்லிவிட்டு நீ டீ போட உள்ளே போனாய். கொஞ்ச நேரம் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்புறம் எழுந்துபோய்ச் சுவரில் இருந்த சுவிட்சைத் தட்டிவிட்டேன். டீயோடு வந்த நீ அதைப் பார்த்தாய்.

மறுநாள் அது எழவில்லை. ஹார்ட் டிஸ்க் உள்ளே டிக் டிக் என்று அடித்துக்கொண்டது. ரிப்பேர் கடைக்காரர் கையை விரித்தார். வேறெங்கும் பிரதி எடுத்துவைக்கவில்லை. கடையை விட்டு வெளியே வந்ததும், "அதுக்கும் வயசாச்சுடா," என்றாய். அவ்வளவுதான். அடுத்த வாரம் புது டிஸ்க் மாட்ட என்னையே கூப்பிட்டாய். இன்று மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டே ஒவ்வொரு முறையும் வருவேன். கிரிக்கெட்டும் மழையும் பேசிவிட்டுத் திரும்புவேன்.

இன்று ரப்பர் போட்டுத் தேய்த்ததும் கம்ப்யூட்டர் எழுந்துகொண்டது. உன் மகள் ஒவ்வொரு ஃபோல்டராகத் திறந்து பார்த்தாள். அந்தப் புது டிஸ்கில் ஸ்டெல்லாவின் பாட்டு இருக்காது என்று தெரிந்தும், நான் கழற்றிய திருகாணிகளை ஒவ்வொன்றாக மாட்டிக்கொண்டிருந்தேன்.

"அம்மா பாட்டு ஒண்ணாவது மிச்சம் இருக்கும்னு நெனச்சேன், அங்கிள். அன்னிக்கு லைட் போகலேன்னா..."

"லைட்டா?"

"அப்பா சொன்னாரே. நான் அப்ப ஹாஸ்டல்ல இருந்தேன். கம்ப்யூட்டர் ஆஃப் பண்றப்ப லைட் போயிடுச்சு, கரண்டே இல்ல, எல்லாம் அழிஞ்சு போச்சுன்னாரு."

அவளுக்கு எல்லாம் தெரியும், மரியாதைக்காகச் சும்மா இருக்கிறாள் என்றல்லவா இத்தனை வருஷமாக நினைத்திருந்தேன்! அவளிடம் நீ பொய் சொல்லியிருக்கிறாய். அதை அப்படியே விட்டுவிட்டும் வந்திருக்கலாம். இல்லை என்று சொல்ல இனி யாரும் இல்லை.

"லைட் போகலம்மா. நான்தான் அவசரப்பட்டு சுவிட்ச்சை அணைச்சேன். என்னை மன்னிச்சிரு."

அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்பா ஏன் என்கிட்ட அப்படிச் சொன்னாரு?"

"உனக்குக் கோபம் வந்தா நான் இந்தப் பக்கமே தலைகாட்ட மாட்டேன்னு அவனுக்குத் தெரியும்."

எழுந்து சமையலறைக்குப் போனாள். குழாய் ஓடும் சத்தம் கேட்டது. போவதா இருப்பதா என்று தெரியாமல் செருப்பைப் போட்டேன், கழற்றினேன். முகம் கழுவிக்கொண்டு திரும்பி வந்தாள்.

"கோபம்தான், அங்கிள்."

"இருக்கட்டும்மா."

"அம்மா குரல் ஞாபகம் இருக்கு. ட்யூன் வரமாட்டேங்குது. உங்களுக்கு வருமா?"

உன் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக் கேட்டு எனக்கு வரும். எங்கள் வீட்டு விசேஷங்களில்கூட வாய் திறந்து பாடாதவன், ஸ்டெல்லாவின் பாட்டை உன் மகளுக்கு முன்னால் கரகரத்த குரலில் பாடினேன். பாதி வார்த்தை வரவில்லை, அங்கெல்லாம் ராகத்தை மட்டும் இழுத்தேன். அவள் போனில் பதிந்துகொண்டாள். முடிந்ததும், "ஒண்ணுதானா?" என்றாள்.

இன்னும் இரண்டு பாட்டு இருக்கிறது. சனிக்கிழமை வரச் சொல்லியிருக்கிறாள். உன்னிடம் கேட்காத மன்னிப்பு கேட்காததாகவே என்னிடம் இருக்கிறது. இந்தப் பாட்டுகளும் இருக்கின்றன. திரும்பும் பஸ்ஸில் ஒன்றை வாய்க்குள் பாடிப் பார்த்தேன். இரண்டாவது அடி எப்படித் தொடங்கும்? நம் இரண்டு பேரில் உனக்குத்தான் அது நன்றாகத் தெரியும்.