ஷார்ஜா மாத்திரை

ஜூலை 5, சனி

வெயில். காலையிலேயே உப்பளம் பக்கம் கண்ணைத் திறந்து பார்க்க முடியவில்லை, அவ்வளவு வெள்ளை. மருந்து ரூம் ஜன்னலுக்குப் பச்சைத் துணி கட்டச் சொல்லி ஆபீஸ் சாரிடம் மறுபடி கேட்டேன். மறுபடி "பாக்கலாம்".

சனிக்கிழமை வேலை: லாக்கர் செக்கிங். முதியோர் இல்லத்து லாக்கருக்குள் என்னவெல்லாம் இருக்கும் என்று வெளியே சொன்னால் நம்பமாட்டார்கள். கடித்து வைத்த பிஸ்கட், செத்த பல்லி, மகளின் கல்யாணப் பத்திரிகை, போன வருஷத்து மாத்திரை. மாத்திரை என்று எது கிடைத்தாலும் என் ரூமுக்கு வந்தாகணும். ஆளுக்கொரு டப்பா, டப்பா மேல் போட்டோ. வேளைக்கு ட்ரேயில் எடுத்துப் போவேன், முழுங்கும் வரை நகரமாட்டேன். எனக்குப் பின்னால் என் பேர் போலீஸ் சிஸ்டர். தெரியும். இருக்கட்டும்.

காதர் பாய் லாக்கர் சுத்தம். மடித்த லுங்கி, அத்தர், கோடாலி தைலம், ஒரு டப்பா பேரீச்சம்பழம். போன மாசம் ஷார்ஜாவிலிருந்து மகன் வந்துவிட்டுப் போனதிலிருந்து அந்த ஹாலே மணக்கிறது. மரக்காணம் பஜாரில் ஜவுளிக்கடை வைத்திருந்த மனுஷர். தனக்கென்று எதையும் வைத்துக்கொள்ளத் தெரியாது. எல்லாருக்கும் சோப்பு ஒன்று, தைலம் ஒன்று. எனக்கும். ஸ்டாஃப் வாங்கக் கூடாது, ரூல். வாங்கினேன். இன்று பேரீச்சம்பழ டப்பாவை அவரே திறந்து நீட்டினார். மேலாக ரெண்டு எடுத்துக்கொண்டேன். நல்ல ருசி.

பாயின் பக்கத்துக் கட்டில் முனுசாமி இன்று கம்பு இல்லாமல் பின் கேட் வரை நடந்தார். ஆயுசு முழுக்க உப்பளத்தில் வேலை, முட்டி ரெண்டும் போச்சு. கிட்னியும் பாதிதான். வலி மாத்திரை தொடவே கூடாது என்று டாக்டர் உத்தரவு. கெஞ்சுவார், தரமாட்டேன். உப்பு வறுத்து ஒத்தடம்தான். "உப்புல நின்னுதான் காலு போச்சி, அதே உப்ப வறுத்து வெக்கிறீங்களே சிஸ்டர்" என்பார். ஆனால் பாருங்கள், நடக்கிறார். பெருமையாகத்தான் இருந்தது.

கேஸ் புக் பண்ணணும். செருப்பு வார் தைக்கணும்.

ஜூலை 7, திங்கள்

முனுசாமி இட்லியைத் தொடவில்லை. குடித்த காபியையும் வாந்தி. முகம் உப்பி இருந்தது. காலை அழுத்தினால் பள்ளம் அப்படியே நிற்கிறது. ஒண்ணுக்கு நேற்றிலிருந்தே சரியாகப் போகவில்லையாம், சொல்லவில்லை. ஏன் சொல்லலை என்று கத்தினேன். காதர் பாயைப் பார்த்தார்.

ஆம்புலன்ஸ், பாண்டி. நானும் கூடப் போனேன். மகள் தேவகி கீழ்புத்துப்பட்டில் டிபன் கடையில் வேலை செய்கிறாள். மாவுக் கையோடு பஸ் பிடித்து வந்து சேர்ந்தாள்.

டாக்டர் சின்னப் பெண். வலி மாத்திரை ஏதாவது சாப்பிட்டாரா என்று கேட்டாள். "எங்க இல்லத்துல என் கை படாம ஒரு மாத்திரை உள்ள போகாது டாக்டர்" என்றேன். நல்லா யோசிச்சு சொல்லுங்க என்றாள். யோசிக்க என்ன இருக்கு. இல்லை என்றேன். தேவகி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

திரும்பும்போது பஸ்ஸில் நின்றுகொண்டேதான். பக்கத்தில் ஒரு அம்மா போனில் யாரிடமோ மருமகளைப் பற்றி மரக்காணம் வரும் வரை. "நான் ஒண்ணும் சொல்றதில்ல" என்று சொல்லிச் சொல்லியே எல்லாம் சொல்லிவிட்டாள்.

ஜூலை 8, செவ்வாய்

டயாலிசிஸ் ஆரம்பித்துவிட்டார்கள். கிட்னி திடீரென்று இப்படி நிற்கக் காரணம் இருக்கணும் என்கிறாளாம் டாக்டர். கல்லா, கிருமியா என்று ஸ்கேன் மேல் ஸ்கேன்.

நான் இங்கே முனுசாமியின் டப்பாவைக் கவிழ்த்து ஒவ்வொரு அட்டையாகப் பார்த்தேன். பேர், தேதி, மிச்சம். மாறி எதுவும் போகவில்லை. எல்லாம் சரியாக இருந்தது. மறுபடி முதலிலிருந்து எண்ணினேன்.

மதியம் கரன்ட் இல்லை. இன்சுலினை ஐஸ் பெட்டிக்கு மாற்றினேன். மத்தியானச் சாப்பாடு வாழைக்காய். எனக்குப் பசித்தது. ரெண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

ஜூலை 9, புதன்

காலை ரவுண்டு முடிந்து ரூமுக்கு வந்தால் காதர் பாய் வாசலில் தொப்பியோடு நிற்கிறார். உள்ளே வாங்க பாய் என்றேன். வரவில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு அட்டை எடுத்தார்.

"சிஸ்டர்ம்மா, ஆஸ்பத்திரிக்குப் போனா இத முனுசாமிகிட்ட குடுத்துடும்மா. அங்க அவன் முட்டிக்கு யாரு குடுப்பாங்க."

ஒரு பக்கம் அரபி, ஒரு பக்கம் இங்கிலீஷ். டைக்ளோஃபெனாக். எந்த வலி மாத்திரை கூடாது என்று இல்லத்து டாக்டர் எழுதி வைத்தாரோ அதே.

எவ்வளவு நாளாக என்று கேட்டேன். மகன் வந்துவிட்டுப் போனதிலிருந்தாம். காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று. முனுசாமி படும் பாட்டைப் பார்க்க முடியாமல் அவருக்கென்றே சொல்லி வாங்கி வரச் சொன்னாராம். இங்கே கிடைக்கிறது மாதிரி இல்லையாம், அந்த ஊர் மாத்திரை ஸ்ட்ராங்காம். சொல்லும்போது முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். எங்கே வைத்திருந்தீர்கள் என்றேன். பேரீச்சம்பழ டப்பாவில், அடித்தாளுக்குக் கீழே. "நீங்க எடுத்துக்கினு போயிடுவீங்கன்னு அவன்தான் அங்க வெக்கச் சொன்னான்." சொல்லிவிட்டுச் சிரித்தார். பள்ளிக்கூடத்துப் பையன்கள் மாதிரி ரெண்டு கிழவர்களும்.

வாங்கிக்கொண்டேன். "சரி பாய்" என்றேன்.

உடனே ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டேன். டாக்டர் எத்தனை நாள், எத்தனை வேளை என்று கேட்டுக் குறித்துக்கொண்டாள். "முன்னாடியே தெரிஞ்சிருந்தா நல்லாயிருந்திருக்கும் சிஸ்டர்" என்றாள். குரலில் கோபம்கூட இல்லை. திட்டியிருக்கலாம்.

பத்து மணி மாத்திரை குடுத்தேன்.

ஜூலை 10, வியாழன்

ஆபீஸ் சாரிடம் சொன்னேன். கதவைச் சாத்தினார். முதலில், வெளியே யாருக்கும் தெரியுமா என்றார். பிறகுதான், ஆள் எப்படி இருக்கிறார் என்று. மகளிடம் எதுவும் சொல்லவேண்டாமாம். "ஏற்கெனவே கிட்னி கேஸு. வயசும் ஆச்சு." முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கச் சொல்கிறார், அதுவும் இல்லத்துச் சோற்றில், ஆளுக்கு ரெண்டு கரண்டி.

பாய் லாக்கரை மறுபடி காலி பண்ணிப் பார்த்தேன். பாயே உதவி பண்ணினார். இன்னும் ரெண்டு அட்டை. வெளிநாட்டு மாத்திரை எல்லாம் ஆபீஸில் இருக்கணுமாம் என்றேன். அதுக்கென்னம்மா என்றார். ஒரு வார்த்தை சந்தேகமாகக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனோ என்னவோ.

கேஸ் சிலிண்டர் வந்தது. செருப்பு இன்னும் தைக்கவில்லை.

ஜூலை 12, சனி

லாக்கர் செக்கிங் இன்று என்கூட வேலை பார்க்கும் ரேவதி செய்கிறாள். நான் பாண்டி. சார் பேச்சைக் கேட்கவில்லை. தேவகியிடம் சொல்லிவிடுவது என்றுதான் பஸ் ஏறினேன். செருப்பால் அடித்தாலும் வாங்கிக்கொள்வது.

கேன்டீன் பக்கம் கூட்டிப்போய் டீ வாங்கிக் கொடுத்துச் சொன்னேன். டீ ஆறும் வரை கேட்டாள். அப்புறம் சொன்னாள்:

"தெரியும் சிஸ்டர். அப்பா போன்லயே சொன்னாரு, பாய் குடுக்குற மாத்திரையில வலியே இல்லன்னு. நான்தான் சிஸ்டர்கிட்ட சொல்லிடாதப்பா, புடுங்கிக்குவாங்கன்னு சொன்னேன். அன்னிக்கு டாக்டர் கேக்கும்போது நீங்க இல்லன்னு சொல்றீங்க. எனக்கு வாய் வரல."

அதற்குமேல் அவளால் முடியவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் அவள் முதுகில் கை வைத்தேன். வைக்கணும் என்பதால் வைத்தேன்.

சாயந்தரம் வந்து ரேவதியைக் கேட்டேன். அவளுக்கும் தெரியும். சமையல்காரம்மாவுக்கும். எதிர்க் கட்டில் வாத்தியாருக்கும். இல்லத்தில் எல்லாருக்கும் தெரியும், மருந்துக்குப் பொறுப்பான எனக்கு மட்டும் தெரியாது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்த்தேன், லாக்கரை. மனுஷரைப் பார்க்கவில்லை.

ஏன் சொல்லலடி என்றேன். "நீங்க கத்துவீங்க" என்றாள். கத்தியிருப்பேன்தான். அந்த மாத்திரை ஏன் கூடாது, உள்ளே போய் என்ன பண்ணும் என்று முனுசாமியிடம் ஒரு தடவையாவது உட்கார்ந்து சொல்லியிருக்கிறேனா? கூடாதுன்னா கூடாது. அதுதான் என் விளக்கம், எல்லாருக்கும், எல்லாத்துக்கும்.

ஜூலை 13, ஞாயிறு

திடீர் மழை. உப்பளத்தில் குவித்து வைத்ததை மூட ஓடினார்கள். பாதி கரைந்திருக்கும்.

எனக்கு லீவு. வீட்டில் இருக்க முடியாமல் ஆஸ்பத்திரிக்கே போனேன். முனுசாமிக்கு நினைவு இருந்தது. முதல் கேள்வி, "அங்க மழையா? உப்பு வாரிட்டாங்களா?" வாரிட்டாங்க என்றேன். சும்மா.

டாக்டர் அவரிடம் எல்லாம் சொல்லிவிட்டாளாம். வருத்தமா என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம். கேன்டீன் காபி தண்ணியா இருக்குது, அதுதான் வருத்தம் என்றார். கொஞ்ச நேரம் கழித்து என் கையைப் பிடித்தார். கை வீங்கி, தோல் பளபளவென்று.

"பாய்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க சிஸ்டர். மனுஷன் தாங்கமாட்டாரு. ஆசையா குடுத்தாரு."

சொல்லமாட்டேன் என்றேன். இத்தனை வருஷம் எத்தனை பேருக்கு எத்தனை தடவை கூடாது, முடியாது என்று சொல்லியிருக்கிறேன். இவருக்குச் சட்டென்று சரி என்றேன்.

ஜூலை 16, புதன்

காலையில் தேவகி போன். முனுசாமி போய்விட்டார்.

ஆட்டுக்கல் மாதிரி உட்கார்ந்திருந்தேன். அழுகை வரும் என்று பார்த்தேன். வரவில்லை. ட்ரே எடுத்து ரவுண்டு போனேன். அவர் கட்டிலைத் தாண்டும்போது கால் தானாக நின்றது, நின்றுவிட்டு நகர்ந்தது. பாய் தொழுகைப் பாயை விரித்து உட்கார்ந்திருந்தார், அது தொழும் நேரமில்லை.

டப்பாவைக் காலி பண்ணினேன். மிச்ச மாத்திரைகளைத் தனிக் கவரில் போட்டு ஒட்டினேன். போட்டோவை உரித்தால் பாதிதான் வந்தது. பாதி முகம் டப்பாவிலேயே ஒட்டிக்கொண்டது. வெந்நீர் ஊற்றித் தேய்த்தேன்.

ஜூலை 17, வியாழன்

ஆடி பிறந்தது. அம்மன் கோயில் ஸ்பீக்கர் விடியலிலிருந்து.

முனுசாமி எடுப்புக்கு வருவேன் என்று பாய் பிடிவாதம். சார் அனுப்ப முடியாது என்றார். ஆட்டோ பிடித்து நானே கூட்டிப்போனேன். தேவகி பாயைப் பார்த்ததும் எழுந்து வந்து "வாங்க பெரியப்பா" என்றாள். வேறு ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்தப் பெண்ணுக்குக் கும்பிடு போடணும்.

திரும்பும்போது ஆட்டோவில் பாய் சொன்னார்: "கடைசியில கொஞ்ச நாளாவது நல்லா நடந்தான். அதுக்காவது நம்மளால ஒரு ஒதவி. அல்லா அதுக்கு வழி விட்டான்." நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டு வந்தேன். உப்பு லாரி, உப்பு லாரி, ஒரு ஸ்கூல் வேன்.

வழியில் கோயிலில் கூழ். ரெண்டு சொம்பு குடித்தேன். என்ன ஜென்மம் நான்.

ஜூலை 19, சனி

வெயில் திரும்பிவிட்டது. லாக்கர் செக்கிங்.

வாத்தியாருக்கு முதுகுவலி. நெளிந்துகொண்டு படுத்திருந்தார். பாய் என்னைக் கூப்பிட்டு, இனிமேல் ஒளிக்கப்போவதில்லை, முறைப்படி ஆபீஸிலேயே குடுத்துவிடுகிறேன் என்றார். என்னது என்றேன். மகனுடைய கூட்டாளி அடுத்த வாரம் ஷார்ஜாவிலிருந்து வருகிறானாம். வாத்தியாருக்கென்று அதே மாத்திரை சொல்லி அனுப்பியிருக்கிறாராம். "முனுசாமிக்குக் கேட்டுதே."

வாத்தியாருக்கு சர்க்கரை, ஹார்ட், பழைய அல்சர்.

கூடாது பாய் என்று ஒரு சொல்லில் முடித்திருக்கலாம். ஆபீஸ் ரூல் என்று இன்னொரு தடவை சொல்லியிருக்கலாம். வாங்கி வைத்துக் குப்பையில் போட்டிருக்கலாம். அடுத்த டப்பாவுக்கு அடியில் வேறு ஏதாவது வரும், எல்லாருக்கும் தெரிந்திருக்கும், என்னைத் தவிர.

முனுசாமி கட்டிலில் உட்கார்ந்தேன். புது விரிப்பு. பாயையும் எதிரே உட்காரச் சொன்னேன். சொன்னேன். கிட்னி என்ன வேலை செய்யும், அந்த மாத்திரை அதை என்ன பண்ணும், எவ்வளவு நாளில் பண்ணும். மெதுவாக, எல்லாம்.

பாய் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"அவனுக்குத் தெரிஞ்சிதா?"

"தெரிஞ்சிது பாய்."

"இன்னா சொன்னான்?"

"உங்ககிட்ட சொல்லவேணாம்னாரு."

ரேவதி ட்ரேயோடு வந்து எங்களைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனாள். வாத்தியார் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அப்புறம் போனை எடுத்து நீட்டி, மகனுக்குப் போட்டுக் குடும்மா என்றார். கண் சரியாகத் தெரியவில்லையாம். போட்டுக் கொடுத்தேன். அந்தப் பக்கம் ஏதோ மிஷின் சத்தம், மகன் வேலையில் இருந்தான். மாத்திரை அனுப்பவேண்டாம் என்றார். இங்கேயே குடுக்கிறார்கள், சிஸ்டர் நல்லா பார்த்துக்கிறாங்க என்றார். அவன் முனுசாமியைக் கேட்டிருப்பான் போல.

"மவுத்தாயிட்டாம்ப்பா. புதங்கிழம." அவன் என்னவோ கேட்டான். "ஒண்ணுமில்லப்பா. வயசாயிடுச்சி, அவ்ளோதான். நீ சாப்டியா?"