பந்தயத்தில் ஒருத்தன்

அன்புள்ள யோரிஸ்,

நேரில் சொல்லத் துணிவில்லை. சொல்லப்போவது மூன்று:
1. உன் விந்தணுக்கள் நீந்துவதில்லை என்றார் மருத்துவர்.
2. உன் மனைவி ஹில்டாவின் கருவுக்குத் தகப்பன் வேறொருவன்.
3. யாருடையதானாலும் அது என் பேரக்குழந்தை.

நேற்று ஹில்டா போனில் தோழியிடம் சொல்லிச் சிரித்தாள்: "சைக்கிள் பந்தயம் மாதிரிதான்டி! எவனும் பெடலை மிதிக்கல. கடைசில ஒருத்தனப் பிடிச்சுட்டாங்க."

யார் அந்த ஒருத்தன்? உன் சிநேகிதன் வௌட்டரா? இன்று அவன் வந்தபோது நான் கதவையே திறக்கவில்லை.

இதுவரை எழுதியபோது ஹில்டா காபி கொண்டுவந்தாள். அந்த ஒருத்தன் வௌட்டரா என்று தயங்கித் தயங்கிக் கேட்டுவிட்டேன்.

"ஐயோ மாமா, ஒருத்தன்னா ஆளா? உங்க பையனோட விந்தணு! பிரஸ்ஸல்ஸ் ஆஸ்பத்திரில ஊசியால ஒண்ணே ஒண்ண எடுத்து, என் கருமுட்டைக்குள்ள விட்டாங்க. பாவம் வௌட்டர்!"

இரண்டாவது தவறு. மூன்றாவதை எழுதியது அவள் வருவதற்கு முன் என்பதை மட்டும் கவனி.

உன் அப்பா